பதில் சொல்லும் பெட்டி



1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி. பொழுது சாய்ந்து இருட்டிவிட்ட நேரம். மணி ஆறு நாற்பது இருக்கும். தில்லிக்கு மேற்கே, அரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊர்ப்பக்கம், வயல்வெளிகளுக்கு மேலே இரண்டு பெரிய விமானங்கள் ஒன்றோடொன்று மோதின. ஒன்று சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747. தில்லியில் கிளம்பி தஹ்ரானுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் 312 பேர். பிழைப்புக்காகக் கடல் கடந்துபோன நம் நாட்டவர் பலர் அதில் இருந்தார்கள். இன்னொன்று கஜகஸ்தானின் இல்யூஷின்-76. சிம்கெண்ட் நகரிலிருந்து வந்து தில்லியில் இறங்கவேண்டிய விமானம். அதில் 37 பேர். மொத்தம் 349 உயிர். ஒருவர்கூட மிஞ்சவில்லை. நடுவானில் நடந்த மோதல்களில் இத்தனை பேரைக் கொண்டுபோனது வேறொன்று இன்றுவரை கிடையாது.

நான் விமானி இல்லை. இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். விபத்து விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு அந்த நவம்பரில்தான் தொற்றியது. அன்று முதல் என்னைவிட்டுப் போகாத ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

அன்றைக்கு தில்லிக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் செய்ததில் பிசகு எதுவும் இல்லை. மேலேறும் சவூதி விமானத்தை 14,000 அடியில் நிற்கச் சொன்னார். கீழிறங்கும் கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார். இடையில் ஆயிரம் அடி. எதிரே ஒரு போயிங் 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று இறங்கும் விமானத்துக்கு எச்சரிக்கையும் கொடுத்தார். தில்லியைச் சுற்றிய வானத்தில் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் ஒரே பாதைதான். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வருகிற இருவரை ஒருவர் மேல் ஒருவராகக் கடக்கவைப்பது போன்ற வேலை அது. எல்லாமே அந்த ஆயிரம் அடியை நம்பித்தான் இருந்தது.

இல்யூஷின் 15,000 அடியில் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போய் 14,000 அடிக்கு வந்துவிட்டது. அதில் கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசுகிற வேலை வானொலி இயக்குநருடையது. அவருக்குத் தனி உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிபதி லஹோட்டி தலைமையிலான விசாரணை, அந்த விமானம் சொன்ன உயரத்தைக் காக்காததையே காரணமாகச் சொன்னது.

சரி, கட்டுப்பாட்டாளர் தன் ரேடார் திரையில் இதைப் பார்த்திருக்க வேண்டாமா? பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு புள்ளிகள் நெருங்குவதைப் பார்த்தார். நெருங்கத்தானே வேண்டும்? ஒன்றுக்கு மேல் ஒன்று கடந்துபோகும் இரண்டு விமானங்கள் திரையில் ஒன்று சேர்ந்து பிறகு பிரியும். அன்று சேர்ந்தன, பிரியவில்லை. அந்தத் திரையில் உயரம் தெரியாது. அந்த நேரம் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானம் ஒன்றின் விமானி, மேகத்துக்குள் ஏதோ செம்மஞ்சளாய் ஒளிர்ந்ததைக் கண்டு தகவல் சொன்னார். கட்டுப்பாட்டு அறைக்கு உயரத்தைக் காட்டிக்கொடுத்தது, கடைசியில், அந்த வெளிச்சம்தான்.

இங்கே கொஞ்சம் இயற்பியல். சாதாரண ரேடார் என்பது இருட்டில் டார்ச் அடிப்பது மாதிரி. அலையை அனுப்பும், அது எதிலாவது பட்டுத் திரும்பினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லும். எந்தத் திசை, எவ்வளவு தூரம், அவ்வளவுதான். யார் என்று தெரியாது. எத்தனை அடி உயரம் என்றும் தெரியாது. இதை முதனிலை ரேடார் என்பார்கள். 1996-இல் தில்லியில் வேலை செய்துகொண்டிருந்தது அதுதான்.

இரண்டாம் நிலை ரேடார் வேறு வகை. அது இருட்டைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது: யாரங்கே? எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்? 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேள்வி போகும். விமானத்தில் இருக்கிற சிறு பெட்டி அதைக் கேட்டு, 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். அந்தப் பெட்டிக்குத்தான் டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் நம்முடைய விமானமா எதிரியுடையதா என்று இனம் காணப் பிறந்த கருவி இது. யார் என்ற கேள்விக்கு நான்கு இலக்க எண் ஒன்றைச் சொல்லும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை; எனவே மொத்தம் 4096 எண்கள். விமானி 7700 என்று வைத்தால் ஆபத்து, 7600 என்றால் வானொலி செத்துவிட்டது, 7500 என்றால் கடத்தல். உயரமும் சேர்ந்து வரவேண்டுமென்றால் உயரமானியோடு இணைந்த ஒரு குறியாக்கி வேண்டும். அப்படி உயரமும் சொல்கிற வகையை மோட் சி என்பார்கள். அதற்கு அடுத்த தலைமுறை மோட் எஸ். உலகத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனி முகவரி கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பது.

தில்லியில் இரண்டாம் நிலை ரேடார் அப்போதுதான் நிறுவப்பட்டுக்கொண்டிருந்தது. பெட்டி பதில் சொல்லக் காத்திருந்தாலும், கேள்வி கேட்க தில்லியில் ஆள் இல்லை. இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. அங்கே கேட்க ஆள் இருந்தது. பெட்டிக்குத்தான் பாதி வாய்.

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் செரிட்டோஸ் என்ற புறநகர். நண்பகலுக்குச் சில நிமிடம் முன்பு. நல்ல வெயில், தெளிந்த வானம். மெக்சிகோவிலிருந்து வந்த ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் டி.சி.-9 விமானம் தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. பைப்பர் என்கிற ஒற்றை இன்ஜின் சிறு விமானத்தில் மூன்று பேர், விடுமுறைக்காக மலைப்பக்கம் கிளம்பியிருந்தார்கள். அனுமதி வாங்காமல் நுழையக்கூடாத வான்பரப்பில் அந்தச் சிறு விமானம் தெரியாமல் நுழைந்துவிட்டது. சுமார் 6,500 அடி உயரத்தில் டி.சி.-9-இன் வாலில் மோதியது. வானில் 67 பேர், தரையில் தங்கள் வீடுகளில் இருந்த 15 பேர், ஆக 82 பேர் இறந்தார்கள்.

அந்தப் பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. அது உயரத்தைச் சொல்லாத வகை. லாஸ் ஏஞ்சலஸில் கணினி வசதியுள்ள ரேடார் இருந்தது. ஆனால் உயரம் தெரியாத புள்ளியைப் பற்றிக் கணினி எப்படி எச்சரிக்கும்? ஆயிரம் அடியில் சுற்றுகிறதா, ஆறாயிரம் அடியில் ஏறிவிட்டதா என்று எதை வைத்துச் சொல்லும்? சட்டப்படி அந்தச் சிறு விமானத்தின் சொந்தக்காரருக்கு உயரக் குறியாக்கி வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. பெரிய விமானத்தில் வந்தவர்களுக்கோ, பக்கத்தில் பறப்பவரிடம் அந்தக் குறியாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர்கள் பயணச்சீட்டுக்குக் காசு கொடுத்திருந்தார்கள். தரையில் இருந்தவர்கள் அதுகூடச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்கள்.

என் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இருக்கை வார் அணியாதவர் முதலில் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறார். டிரான்ஸ்பாண்டர் அப்படிப்பட்ட பொருளில்லை. அது எனக்கு எதையும் காட்டாது; என்னை அடுத்தவருக்குக் காட்டும். இரவில் சைக்கிளுக்குப் பின்னால் எரிகிற சிவப்பு விளக்கு போல. ஓட்டுபவருக்கு அதனால் பாதை தெரியாது. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு சைக்கிள் தெரியும். இப்படிப்பட்ட பொருளை வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம் என்று விடலாமா?

விமானிக்குக் கண் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பல பத்தாண்டுகள் உலகம் இதை நம்பித்தான் பறந்தது. பார், விலகு, இதுதான் விதி. 1956 ஜூன் 30-ஆம் தேதி, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல், 21,000 அடியில் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தபோது அந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்தது. 1978 செப்டம்பரில் சான் டியேகோவில் நடந்தது இன்னும் கொடுமை. இறங்கிக்கொண்டிருந்த போயிங் 727-இன் விமானிகளிடம், முன்னால் செஸ்னா என்ற சிறு விமானம் ஒன்று பறக்கிறது என்று சொன்னார்கள். அவர்கள் அதைப் பார்க்கவும் செய்தார்கள். பிறகு பார்வையிலிருந்து தவறவிட்டு, அது பின்னால் போய்விட்டது என்று நினைத்தார்கள். அது அவர்களுக்குக் கீழே இருந்தது. 144 பேர் போனார்கள்.

கண் ஏன் ஏமாற்றுகிறது? வானத்தில் குறுக்கே போகிற விமானம் கண்ணாடியில் நகரும். நகர்வது கண்ணில் படும். நம்மோடு மோதவிருக்கிற விமானம் நகராது. வேகமும் திசையும் மாறாமல் இரண்டும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் அடையப்போகின்றன என்றால், ஒன்றிலிருந்து பார்க்க மற்றொன்று கண்ணாடியில் அதே இடத்தில் அசையாத புள்ளியாக நிற்கும். கடைசிச் சில விநாடிகளில்தான் அந்தப் புள்ளி திடீரென்று பூதாகரமாகும். எது நம்மைக் கொல்ல வருகிறதோ, அதுதான் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். எதிரே வருவதைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோத வருகிறது என்று புரிந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்புவதற்கு 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானத்துறை தன் விமானிகளுக்குச் சொல்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்தில் அவை தங்களுக்குள் கடக்கும் தூரம் ஐந்தரை கிலோமீட்டர். ஐந்தரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிறு விமானம், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், கடுகளவு.

செரிட்டோஸுக்குப் பிறகு அமெரிக்கா இரண்டு காரியங்களைச் செய்தது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல், அதாவது 55 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பறப்பவற்றுக்கு உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்கள் 1993 இறுதிக்குள் மோதல் தவிர்ப்புக் கருவி வைக்கவேண்டும் என்றும் ஆனது. டிகாஸ் என்று விமானிகள் சொல்வது அதைத்தான்.

அந்தக் கருவியின் மூளையில் இருக்கிற யோசனை அழகானது. 1950-களில் பென்டிக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜே. எஸ். மோரல் என்பவர், மோதலைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளக்கவேண்டும் என்றார். எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைவிட, நெருங்க இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்பதுதான் முக்கியம். டிகாஸ் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. தரையில் இருக்கும் ரேடாரைப் போல அதுவே சுற்றியிருக்கும் விமானங்களைக் கேள்வி கேட்கும். பதில் வரும் நேரத்தை வைத்துத் தூரத்தையும், பதிலுக்குள் இருக்கிற உயரத்தையும் எடுத்துக்கொள்ளும். மோதலுக்கு ஏறத்தாழ 40 விநாடி இருக்கும்போது முதல் எச்சரிக்கை. 25 விநாடி இருக்கும்போது, ஏறு அல்லது இறங்கு என்ற கட்டளை. இரண்டு விமானங்களிலும் இந்தக் கருவி இருந்தால், இரண்டும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும்.

ஆனால் எதிரே வருவதில் டிரான்ஸ்பாண்டர் இல்லையென்றால், டிகாஸுக்கு அந்த விமானமே இல்லை. உயரம் சொல்லாத டிரான்ஸ்பாண்டர் இருந்தால், பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று எச்சரிக்கும். ஏறு, இறங்கு என்று சொல்ல அதனால் முடியாது.

தாத்ரிக்குப் பிறகு நம் நாட்டிலும் மாறியது. வரும் பாதையும் போகும் பாதையும் பிரிந்தன. இரண்டாம் நிலை ரேடார் வந்தது. இந்தியாவுக்குள் வந்துபோகும் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கட்டாயமாக்கியது. 349 பேர் போன பிறகு.

கருவியைக் கட்டாயமாக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது என்பதற்கு மூன்று இடங்களைச் சொல்லவேண்டும். 2002 ஜூலை 1-ஆம் தேதி இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேல், கருவி ஏறச் சொல்ல, தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்ல, ரஷ்ய விமானிகள் மனிதக் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். எதிரே வந்த விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். கருவி கட்டளையிட்டால் அதைத்தான் கேட்கவேண்டும் என்று உலகம் அதன் பிறகுதான் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில், இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் பொட்டோமாக் ஆற்றின் மேல் மோதி 67 பேர் இறந்தார்கள். தரைக்கு மிக அருகில் ஏறு, இறங்கு என்று கட்டளையிடுவது ஆபத்து என்பதால் கருவி அங்கே அந்தக் கட்டளைகளைத் தராது. ஹெலிகாப்டர் தன் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவியையும் இயக்கியிருக்கவில்லை.

பிரேசில் சம்பவம்தான் எனக்கு அதிக வேதனை தருவது. 2006 செப்டம்பர் 29. மானவுஸிலிருந்து பிரசீலியா நோக்கி வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737, அமேசான் காட்டுக்கு மேல் 37,000 அடியில் பறந்தது. எதிரே அதே பாதையில், அதே உயரத்தில், லெகசி என்ற சிறிய ஜெட். இரண்டும் புத்தம்புதியவை, ஜெட் விமானம் ஆலையிலிருந்து உரிமையாளரிடம் போய்க்கொண்டிருந்தது. இரண்டிலும் டிரான்ஸ்பாண்டர், இரண்டிலும் டிகாஸ். லெகசியின் டிரான்ஸ்பாண்டர் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகப் பதில் சொல்லாமல் இருந்தது. கவனக்குறைவால் கை பட்டு ஓய்வு நிலைக்குப் போயிருக்கலாம் என்றது விசாரணை. கட்டுப்பாட்டு அறையின் திரையில் உயரம் வராமல் போனதையும் உரிய விதத்தில் யாரும் கவனிக்கவில்லை. இறக்கை நுனி பட்டு போயிங்கின் இடது இறக்கை அறுபட்டது. அதில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி அடிபட்ட இறக்கையோடு காட்டுக்குள் இருந்த ஒரு விமானப்படைத் தளத்தில் இறங்கியது. அதிலிருந்த எழுவரும் பிழைத்தார்கள். தன் பெட்டி வாய் மூடியதன் விலையை அடுத்த விமானம் கொடுத்தது.

இப்போது இந்தப் பேச்சுக்கு என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க விதிகளில் இன்றும் ஒரு விலக்கு இருக்கிறது. கிளைடர், பலூன், பிறக்கும்போதே இன்ஜினால் இயங்கும் மின் அமைப்பு இல்லாத பழைய விமானங்கள் ஆகியவற்றுக்குப் பல இடங்களில் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் இல்லை. விலக்குக்கு நியாயம் இல்லாமலில்லை. கிளைடரில் இன்ஜின் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ஒரு சிறு பேட்டரிதான். அதுவும் வானொலிக்கும் மற்ற கருவிகளுக்கும் பங்குபோகும். கருவிப்பலகை ஒரு புத்தக அட்டை அளவு. மெதுவாகப் பறப்பதுதானே, யாருக்கு என்ன தொந்தரவு என்று தோன்றும்.

நெவாடாவின் மிண்டன் பகுதிக்குப் போனவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவு அது. மலையில் மோதி எழும் காற்று கிளைடர்களை அலையாய் மேலே தூக்கிக்கொண்டு போகும். உலகம் முழுவதிலிருந்தும் அங்கே கிளைடர் ஓட்ட வருகிறார்கள். ரீனோ விமான நிலையத்துக்கு இறங்கும் ஜெட் விமானங்களும் அந்த வழியேதான் வரவேண்டும். 2006 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, ஹாக்கர் வகை ஜெட் ஒன்று ஐந்து பேரோடு ரீனோவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 16,000 அடியில், முன் கண்ணாடி முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஒரு கிளைடர். விலக நேரமில்லை. கிளைடரின் இறக்கைச் சட்டம் ஜெட்டின் மூக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். ஜெட் விமானி சக்கரங்களை இறக்கமுடியாத நிலையில் கார்சன் சிட்டியில் வயிற்றால் தரைதட்டினார். யாரும் சாகவில்லை. இத்தனை விபத்துகளைச் சொன்ன நாவுக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு ஆறுதல்!

அந்தக் கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்பட்டிருந்தது. விமானி அதைப் போடவில்லை. பக்கத்திலேயே சுற்றப்போகிறோம் என்று நினைத்தார். முந்தைய பறப்புகளில் பேட்டரி எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று தெரியாததால், மிச்சத்தை வானொலிக்காகச் சேமித்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் அதை அனுமதித்தது. அவர் இடத்தில் இருந்தால் நம்மில் பலரும் அதையே செய்திருப்போம். அதனாலேயே சட்டம் மாறவேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008-இல் இந்த விலக்கை நீக்கச் சொன்னது. விமானத்துறை 2015-இல் கருத்துக் கேட்டது. விலக்கு நீங்கவில்லை. ஐரோப்பாவில் கிளைடர்காரர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டார்கள்: 2004 வாக்கில் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபிளார்ம் என்ற சிறு கருவி. குறைந்த மின்சாரம்; ஒரே சுழலில் சுற்றி ஏறும் கிளைடர்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள அருமையானது. ஆனால் அது வேறு அலைவரிசையில் பேசுகிறது. பயணிகள் விமானத்தின் டிகாஸுக்கு அந்தப் பேச்சு காதில் விழாது.

எல்லாப் பறக்கும் பொருளும் எங்கும் டிரான்ஸ்பாண்டரோடுதான் பறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1090 மெகாஹெர்ட்ஸ் பொதுக்கிணறு போன்றது. அளவுக்கு மேல் ஆட்கள் இறைத்தால் யாருக்கும் தண்ணீர் வராது. சிறு டிரோன்கள் அந்த அலைவரிசையில் இருப்பிடத்தை ஒலிபரப்பக்கூடாது என்று அமெரிக்கா தடுத்திருப்பது இதனால்தான். அது சரியான முடிவு. கிராமத்து மைதானத்துக்கு மேல் ஆயிரம் அடியில் சுற்றும் கிளைடரையும் தொந்தரவு செய்யவேண்டாம். ஆனால் ஜெட் விமானங்கள் ஏறி இறங்கும் வழியில், பத்தாயிரம் அடிக்கு மேல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றி, இன்ஜின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோரும் பதில் சொல்லியாகவேண்டும். அதற்கான பேட்டரியையும் பெட்டியையும் வாங்க கிளைடர்காரருக்கு அரசு உதவவேண்டும். அந்தப் பெட்டி முக்கியமாகக் காப்பாற்றுவது ஜெட்டில் தூங்கிக்கொண்டு போகிற நூற்றைம்பது பேரை. செலவில் பங்கு நம் பயணச்சீட்டிலிருந்தும் போகட்டும். நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

மிண்டன் பக்கத்துக் கிளைடர் விமானிகளில் பலர் சட்டத்துக்குக் காத்திராமல் டிரான்ஸ்பாண்டர் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அமெரிக்காவில் கிளைடர்களுக்கென்றே ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது: 1202. ரேடார் திரையில் அந்த எண்ணைக் கண்டால், இது நேர்கோட்டில் வராது, சுற்றிச் சுற்றி ஏறும், சட்டென்று விலகச் சொன்னால் விலக இன்ஜின் கிடையாது என்று கட்டுப்பாட்டாளருக்குப் புரிந்துவிடும். வரும் ஜெட்டை அவர் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார். பலகையில் 1202 வைத்து, விசையைத் திருப்பவேண்டும்; அவ்வளவுதான் வேலை. அந்த விசையைத் திருப்புவது இன்றைக்கும், அந்த மலைச்சரிவின் மேலும், காலையில் பேட்டரியைப் பார்க்கிற விமானியின் விருப்பம்.